ஆங்கிலப் புலவர் எலியட்

வில்கின்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1785-ஆம் ஆண்டிற் பகவத்கீதையைத் தம் மொழியிற் பெயர்த்து வெளியிட்ட நாள்முதலாக, நம் தேசத்து ஞான நூல்கள் மேனாட்டாரது கவனத்தை ஈர்த்து வருகின்றன. அவற்றைப் புகழ்ந்தெழுதிய மேனாட்டுப் புலவரும் பலராவர். அவருட் பெரும்பாலார் மொழிபெயர்ப்புக்களை மேலோட்டமாக நோக்கி, தமக்குப் பிடித்தமான சில கருத்துக்களை எடுத்தாண்டு அவ்வளவில் அமைந்தவரே. ஆசிரியர்பால் அமர்ந்து, எழுத்தும் சொல்லும் முதலாகப் பயின்று, பயின்றதனைத் தம் செய்யுளில் வைத்து, அதன்மேலும் தாம் எவ்வளவு அறிந்தோம், எவ்விடத்து நின்றுவிட்டோம் என்பதனை ஒளியாது உரைத்தவர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் தாமஸ் ஸ்டெர்ன்ஸ் எலியட் என்பார். இருபதாம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிதையை மாற்றியமைத்தவருள் தலையாயவர் என அவர்தம் மொழியினர் இவரைக் கூறுவர். இவர் நம் நூல்களின் வாயில்வரை வந்தவர், உட்புகாது மீண்டவர், மீண்டதன் காரணத்தையும் தாமே கூறியவர். அக்காரணம் நம்மனோர் ஆராய்தற்கு உரியதாதலின், அவர் சரித்திரம் ஈண்டுச் சுருக்கி உரைக்கப்படுகின்றது.

பிறப்பும் இளமையும்

எலியட் 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 26-ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாட்டின் மிஸூரி மாகாணத்தில், மிஸிஸிப்பி என்னும் பேராற்றின் கரையிலுள்ள ஸெயின்ட் லூயிஸ் நகரத்திற் பிறந்தார். தந்தையார் ஹென்றி வேர் எலியட் செங்கற்றொழிற் கம்பெனி ஒன்றன் தலைவர். தாயார் சார்லட் என்பார் செய்யுளியற்றும் ஆற்றல் வாய்ந்தவர். இவர்தம் மக்களுள் நம் புலவரே கடைக்குட்டியாவர்.

இவருடைய பாட்டனார் வில்லியம் கிரீன்லீப் எலியட், கிறிஸ்தவருள் யூனிடேரியன் என்னும் பிரிவைச் சார்ந்த குருமார். கடவுள் ஒருவரே, மூவராகார் என்பதும், கிறிஸ்து நல்லொழுக்கத்துக்குச் சிறந்த வழிகாட்டியே என்பதும் அப்பிரிவினர் கொள்கை. ஸெயின்ட் லூயிஸ் நகரத்தில் அப்பிரிவினர்க்கு ஆலயம் கண்டவரும், அந்நகரத்து வாஷிங்டன் சர்வகலாசாலை தோன்றுதற்குக் காரணராயினாருள் ஒருவரும் அவரே. பேரன் பிறத்தற்கு முந்திய ஆண்டில் அவர் காலஞ்சென்றாராயினும், அவர் வகுத்த ஒழுக்கநெறியே அக்குடும்பத்தை ஆண்டு வந்தது. கடமை, ஈகை, தன்னடக்கம் என்னும் மூன்றும் அங்கே பெரிதும் வற்புறுத்தப்பட்டன. ஆனால் பாவம், அருள், முத்தி என்பனபற்றிய ஆழ்ந்த விசாரத்துக்கு அந்நெறியில் இடம் சுருங்கியிருந்தது. இக்குறையை எலியட் இளமையிலேயே உணர்ந்தார். பின்னாளில் அவர் கீழ்நாட்டு நூல்களை நாடியதற்கும், அதன் பின்னர்ப் பழமையான கிறிஸ்தவ நெறியைத் தழுவியதற்கும் இஃதொரு வித்தாயிற்று எனக் கொள்ளலாம்.

சிறுவராயிருந்தபொழுதே ஒரு நூல் இவர் கையில் அகப்பட்டது. அது ஸர் எட்வின் ஆர்னால்டு என்பார் 1879-ஆம் ஆண்டில் வெளியிட்ட புத்தபகவான் சரித்திரமாகிய ஆசிய ஜோதி என்னும் ஆங்கிலக் காவியம். ஆர்னால்டு பூனா நகரத்து அரசாங்க வடமொழிக் கல்லூரிக்குச் சில ஆண்டுகள் தலைவராயிருந்தவர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையவர்கள் தமிழில் ஆசிய ஜோதி பாடியதும் அக்காவியத்தைத் தழுவியே என்பது தமிழறிஞர் அறிந்ததொன்று. அந்நூலைத் தாம் சுவைத்து ஒருமுறைக்கு மேற் படித்ததாகவும், அதன்பால் வைத்த அன்பு மாறவில்லை என்றும் எலியட் தம் ஐம்பதாம் வயதுக்குப் பின்னரும் எழுதியுள்ளார்.

ஆசிரியர் மூவர்

1906-ஆம் ஆண்டில் ஹார்வர்டு சர்வகலாசாலையிற் சேர்ந்த எலியட், 1909-ல் முதற் பட்டமும் மறு ஆண்டில் எம். ஏ. பட்டமும் பெற்றார். அங்கே அவர்க்கு இலக்கியம் கற்பித்த இர்விங் பாபிட் என்பார் தாமே வடமொழியும் பாலியும் பயின்றவர். தம்மபதத்தை ஆங்கிலத்திற் பெயர்த்தவர். அம்மொழிபெயர்ப்பு அவர் மறைந்தபின் 1936-ல் வெளிவந்தது. புத்தரது உபதேசத்தை ஒரு சாத்திரமாக மதித்துக் கற்றல் வேண்டும் என்னும் எண்ணத்தை மாணாக்கர்பால் விளைத்தவருள் அவரும் ஒருவர்.

ஓராண்டு பாரிஸ் நகரத்திற் றங்கிப் பெர்க்ஸன் என்னும் தத்துவ ஆசிரியரின் விரிவுரைகளைக் கேட்ட எலியட், 1911-ல் ஹார்வர்டுக்கு மீண்டு தத்துவ சாத்திரத்தை மேற்கொண்டு பயிலத் தொடங்கினார். அப்பொழுதுதான் அவர்க்கு நம் நூல்களோடு நேரே பழக்கம் உண்டாயிற்று. அவ்வகையில் அவர்க்கு ஆசிரியராய் அமைந்தவர் மூவர்.

முதலாமவர் சார்லஸ் ராக்வெல் லான்மன். மேனாட்டு மாணாக்கர் வடமொழி பயிலுதற்கு ஒரு பாடநூல் தொகுத்தவர். ஹார்வர்டு கீழ்நாட்டு நூல் வரிசையைப் பதிப்பித்து வளர்த்தவர். அவரிடம் எலியட் இரண்டாண்டு வடமொழி பயின்றார். பாலி மொழியும் கற்றார். பம்பாயில் 1906-ல் அச்சான இருபத்தெட்டு உபநிடதங்களின் மூலநூற்பிரதி ஒன்றை லான்மன் தம் மாணாக்கர்க்கு 1912-ல் அளித்தார். அதன்கண் படித்தற்குரிய இடங்களையும் அவர் குறித்துக் கொடுத்திருந்தார். அப்பிரதி எலியட்டின் நூல்களோடு பேணப்பட்டது.

இரண்டாமவர் ஜேம்ஸ் ஹாட்டன் வுட்ஸ். பதஞ்சலியின் யோகசூத்திரத்தை வியாசபாஷியத்தோடும் வாசஸ்பதி மிசிரர் உரையோடும் ஆங்கிலத்திற் பெயர்த்து 1914-ல் வெளியிட்டவர். சூத்திரத்தையும் பாஷியத்தையும் உரையையும் ஒருசேர வைத்து ஆராயும் நம்மவர் முறையிலேயே எலியட் அவரிடம் ஓராண்டு யோகநூல் கேட்டார்.

மூன்றாமவர் அனெஸாகி மஸஹாரு என்னும் ஜப்பானிய அறிஞர். டோக்கியோவிலிருந்து வந்து 1913 முதல் ஹார்வர்டிற் பௌத்த மதத்தைப்பற்றி விரிவுரை நிகழ்த்தினார். எலியட் அவற்றைக் கேட்டு எழுதிவைத்த குறிப்புக்கள் இன்றும் உள. அவற்றுள் நாகார்ச்சுனரது மாத்தியமிக மதமும் பேசப்படுகின்றது. சிவஞானசித்தியார் பரபக்கத்துள் எடுத்தோதி மறுக்கப்படும் பௌத்தர் நால்வருள் மாத்தியமிகரும் ஒருவரென்பது நம்மவர்க்குப் புதிதன்று. மறுத்தற்பொருட்டாயினும் ஒரு மதத்தை அதன் நூலார் கூறுமாறே முதற்கண் அறிதல் வேண்டும் என்பது நம் ஆசாரியர் கொண்ட முறை. எலியட் கற்ற முறையும் அதனோடு ஒத்ததாயிருந்தது.

பயணமும் இடுக்கணும்

டாக்டர் பட்டத்துக்காக எலியட் எடுத்துக்கொண்ட பொருள், பிராட்லி என்னும் ஆங்கிலத் தத்துவ ஆசிரியரின் கொள்கை. ஒவ்வோர் உயிரின் அனுபவமும் தன்னளவில் மூடப்பட்டதொரு வட்டம்போல்வது, ஒருவர் வட்டத்துள் மற்றொருவர் புகுதல் அரிது என்னும் பிராட்லியின் கருத்து அவர் மனத்தை விட்டு நீங்கவில்லை. 1914-ஆம் ஆண்டு கோடைகாலத்தில் ஜெர்மனி தேசத்து மார்பர்க் நகருக்குப் படிக்கச் சென்றார். சென்ற சில நாட்களில் முதல் உலகப்போர் மூண்டது. அங்கிருந்து இங்கிலாந்து அடைந்து ஆக்ஸ்போர்டில் மெர்ட்டன் கல்லூரியிற் சேர்ந்தார். தாம் எழுதிய ஆராய்ச்சியை 1916-ல் ஹார்வர்டுக்கு அனுப்பினார். அது ஏற்றுக்கொள்ளப்பட்டதாயினும், நேரிற் சென்று தேர்வுக்கு நிற்கவில்லையாதலின் பட்டம் பெற்றிலர். அவ்வாராய்ச்சி 1964-ல்தான் நூலாக அச்சேறியது.

லண்டனில் எஸ்ரா பௌண்டு என்னும் அமெரிக்கப் புலவரின் நட்புக் கிடைத்தது. அவர் முயற்சியால் எலியட்டின் முதற் பெருஞ்செய்யுள் 1915-ல் சிகாகோ நகரத்துப் பத்திரிகையில் வெளியாயிற்று. அவ்வாண்டிலேயே விவியன் என்னும் ஆங்கிலப் பெண்ணை அவர் மணந்துகொண்டார். அம்மணம் இருவர்க்கும் துன்பமாகவே முடிந்தது. மனைவியார் நோயாளர், வருவாயோ குறைவு. சிலகாலம் பள்ளிக்கூட ஆசிரியராயிருந்து, 1917 முதல் 1925 வரை லாயிட்ஸ் பாங்கியில் உத்தியோகம் பார்த்தார். பகல் முழுதும் கணக்கும் இரவில் எழுத்துமாக உழைத்த அவருடைய உடலும் மனமும் தளர்ந்தன. 1921-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் வைத்தியர் சொற்படி பாங்கியில் மூன்று மாதம் விடுமுறை பெற்று, முதலில் மார்கேட் என்னும் கடற்கரை ஊரிலும், பின்னர் ஸ்விட்ஸர்லாந்து தேசத்து லோஸான் நகரிலும் தங்கினார். நம் ஆராய்ச்சிக்குரிய பெருஞ்செய்யுள் நிறைவுற்றது அந்நோய்க்காலத்திலேயாம்.

பாழ்நிலம்

பாழ்நிலம் என்று பொருள்படும் பெயருடைய அச்செய்யுள் ஐந்து பகுதிகளாய் 430-க்கு மேற்பட்ட அடிகளையுடையது. பௌண்டு அதனைப் பரிசோதித்துப் பெரும்பகுதியை வெட்டிச் செறிவாக்கினார். 1922-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், எலியட் தாமே தொடங்கிய கிரைடீரியன் என்னும் பத்திரிகையின் முதல் இதழில் அது வெளிவந்தது. அவ்வாண்டு முடிவில் ஆசிரியர் குறிப்புரையோடு தனி நூலாயிற்று. போர் முடிந்து நகரங்கள் நின்றன, மக்கள் உயிரோடிருந்தனர், ஆயினும் வாழ்வுக்குப் பொருளில்லை என்ற மனநிலையே அச்செய்யுளின் பொருள். மழையில்லா நிலமும் அன்பில்லா உள்ளமும் அதில் ஒன்றனை ஒன்று காட்டி நிற்கும்.

அதன் மூன்றாம் பகுதிக்குப் புத்தபகவானது தீயுபதேசத்தின் பெயரையே எலியட் இட்டார். அவ்வுபதேசம் கயைக்கு அணித்தாகிய கயாசீசத்தில், முன்னர்த் தீவேட்டு வாழ்ந்த சடைமுடியோராய்ப் பின்னர்ப் பிக்ஷுக்களாகிய ஆயிரவர்க்குப் பகவான் அருளியது. கண்ணும் எரிகின்றது, காணப்படும் உருவமும் எரிகின்றது, அக்காட்சியாற் பிறக்கும் உணர்வும் எரிகின்றது, எரிப்பன காமம், வெகுளி, மயக்கம் என்னும் தீக்களே என்பது அதன் சாரம். இம்மூன்றனையும் முக்குற்றமெனத் தமிழ்நூலாரும் கூறுதல் வெளிப்படை. எலியட் அப்பகுதியில் லண்டன் நகரத்து அன்பற்ற காம வாழ்வைக் காட்டுகின்றார். காட்டி முடிக்கும் இடத்தில், கிறிஸ்தவ ஞானியாகிய அகஸ்தீனின் கழிவிரக்கத்தையும் புத்தரது தீயுபதேசத்தையும் ஒருங்கே வைக்கின்றார். மேல்நாடு கீழ்நாடு என்னும் இரண்டன் துறவுக்கும் தலைவராகிய இருவரை அங்ஙனம் சேர்த்தது தற்செயலன்று என்று குறிப்புரையிலும் எழுதினார். இயேசுநாதரின் மலைப்பிரசங்கத்துக்கு ஒத்த பெருமையுடையது அவ்வுபதேசம் என்றும், அதனைப் பாலியினின்றும் பெயர்த்த ஹென்றி கிளார்க் வாரன் பௌத்தக் கல்விக்கு மேல்நாட்டில் வழிகோலிய பெரியார் என்றும் அங்கே நன்றியோடு குறித்தார். வாரனது நூல் 1896-ல் ஹார்வர்டு வரிசையிலேயே வெளிவந்தது.

ஐந்தாம் பகுதி இடியின் உரையாகும். கங்கை வற்றியிருக்க, இலைகள் மழைக்கு வாட, இமயத்தின்மேற் கருமுகில் திரண்டு முழங்குவதாக அங்கே கூறுகின்றார். அம்முழக்கத்தின் பொருளை அவர் பிருகதாரணியக உபநிடதத்தினின்று எடுத்தார். தேவரும் மனிதரும் அசுரருமாகிய மூவகை மக்களும் தம் தந்தையாகிய பிரஜாபதியின்பாற் பிரமசரியம் காத்து, முடிவில் உபதேசம் வேண்டினர். அவர் மூவர்க்கும் தகரமாகிய ஓரெழுத்தையே தனித்தனி உரைத்து, அறிந்தீரோ என்று வினாவினார். தேவர் தமம் எனக் கொண்டனர், அஃது அடக்கம். மனிதர் தானம் எனக் கொண்டனர், அஃது ஈகை. அசுரர் தயை எனக் கொண்டனர்; அஃது இரக்கம். மூவரும் சரியாகவே அறிந்தனர் என்று பிரஜாபதி உடன்பட்டார். அவ்வுபதேசத்தையே இடியென்னும் தெய்வவாக்கு இன்றும் முழங்குகின்றது என்று உபநிடதம் முடிக்கும்.

இவ்வரலாறு உபநிடதத்தின் ஐந்தாம் அத்தியாயத்து இரண்டாம் பிராமணத்தில் உள்ளது. எலியட்டின் குறிப்புரை முதற் பிராமணம் என்று எண்ணிட்டிருத்தல் பிழை. அஃதன்றியும் அவர் ஒரு பெரிய மாற்றமும் செய்தார். அடக்கம், ஈகை, இரக்கம் என்னும் மூல வரிசையை ஈகை, இரக்கம், அடக்கம் என மாற்றிவைத்தார். இதனை அறியாமை என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. மூலத்தை ஆசிரியர்பாற் கேட்டவர் அவர். தேவரும் அசுரரும் மனிதரின் வேறல்லர், அடக்கமில்லா மனிதர் தேவரென்றும், உலோபமுடையார் மனிதரென்றும், கொடுமையுடையார் அசுரரென்றும் சொல்லப்பட்டனர், ஆதலின் மூன்றும் மனிதர்க்கே உரியன என்று சங்கராசாரியர் தம் பாஷியத்தில் ஒரு கருத்துக் கூறுவர். அக்கருத்தின்படி நோக்கின், மனிதர்க்கு உரிய ஈகையை முதற்கண் வைத்தது தவறாகாது. எலியட் உரைக்கும் ஈகை பொருள் கொடுத்தலன்று, தன்னையே கொடுத்தலாம். இரக்கத்துக்கு அவர் கூறும் விளக்கம் இன்னும் நோக்கத்தக்கது. ஒவ்வொருவரும் தன்முனைப்பாகிய சிறையுள் அடைபட்டுத் திறவுகோலையே எண்ணிக் கிடக்கின்றனர் என்பது அது. பிராட்லியின் மூடிய வட்டத்தை அவ்விடத்துக் குறிப்புரையில் நினைவூட்டுகின்றார். அடக்கமென்பதோ, கைதேர்ந்தான் ஒருவன் செலுத்தும் படகு அவன் கைக்கு இசைந்து இயல்வது போன்ற இசைவாம். உபநிடதத்தின் ஓரெழுத்து, ஹார்வர்டிற் கற்ற தத்துவம், தம் வாழ்விற் பட்ட துன்பம் ஆகிய மூன்றும் இவ்விடத்தில் ஒன்றாயின.

செய்யுளின் முடிவில், உபநிடத பாராயண முடிவிற் சொல்லப்படும் சாந்தி என்னும் சொல்லை மும்முறை வைத்தார். ஆனால் அதன்முன் வழங்கும் பிரணவத்தை வைத்திலர். வாழ்த்து முழுதும் சொல்லுதற்கு அவர் மனம் அப்பொழுது துணியவில்லை போலும். நூலின் முதற்பதிப்பில், கிறிஸ்தவ வேதத்தில் அறிவைக் கடந்த அமைதியெனக் கூறும் தொடர் இச்சொல்லின் பொருளுக்கு வலியற்றதொரு மொழிபெயர்ப்பே என்று குறிப்பு எழுதினார். பிற்பதிப்புக்களிலோ, அத்தொடரே தம்மவரிடையே இச்சொல்லுக்கு நேராகும் என்று திருத்திவிட்டார். இரண்டு குறிப்புக்கும் இடையில் நிகழ்ந்ததே அவர் வாழ்வின் திருப்பம்.

வாயிலில் நின்றமை

பாழ்நிலம் எழுதிய காலத்திற் பௌத்த மதத்திற் சேர்ந்துவிடுதலைக் குறித்து எலியட் மெய்யாகவே ஆலோசித்தாரென்று, அவர் வாயாற் கேட்ட ஸ்டீபன் ஸ்பெண்டர் என்னும் புலவர் எழுதிவைத்துள்ளார். ஆனால் அவர் சேர்ந்திலர். 1927-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 29-ஆம் நாள், ஆக்ஸ்போர்டு ஜில்லாவில் பின்ஸ்டாக் என்னும் சிற்றூர் ஆலயத்தில், கதவடைத்து, மிகச் சிலர் முன்னிலையில் இங்கிலாந்துத் திருச்சபையின் ஞானஸ்நானம் பெற்றார். அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் பிரிட்டிஷ் பிரஜையும் ஆயினார். பாட்டனாரின் யூனிடேரியன் நெறியை விட்டு, கடவுள் மனிதப் பிறவி எடுத்தார் என்பதனையும் திருச்சபைச் சடங்குகளையும் முழுதும் ஏற்கும் பழைய நெறியை மேற்கொண்டார்.

கீழ்நாட்டு நெறியை ஏன் மேற்கொண்டிலர் என்பதற்கு விடை, அவர் 1933-ல் வர்ஜீனியா சர்வகலாசாலையில் நிகழ்த்தி மறு ஆண்டில் நூலாக்கிய சொற்பொழிவுகளில் உள்ளது. வடமொழியில் இரண்டாண்டும் யோகநூலில் ஓராண்டும் செலவிட்ட பின்னர், தமக்கு அறிவு விளங்கிய தன்மையும் மயக்கமும் கலந்ததொரு நிலையே மிஞ்சிற்று என்று அங்கே கூறினார். இந்திய தத்துவ நூலாரின் நுட்பத்தின்முன் ஐரோப்பியப் பெருந்தத்துவ ஆசிரியரில் பெரும்பாலார் பள்ளிச் சிறுவர்போலத் தோன்றுவர் என்றும் கூறினார். அந்நூல்களின் உட்பொருளை எட்டவேண்டின், அமெரிக்கராகவோ ஐரோப்பியராகவோ நினைப்பதையும் உணர்வதையும் தாம் மறந்துவிடுதல் வேண்டும் என்றும், உலகியற் காரணத்தாலும் உள்ளப்பற்றினாலும் அதனைச் செய்யத் தாம் விரும்பவில்லை என்றும் முடித்தார்.

அச்சொற்பொழிவுகளிலேயே யூதரைக் குறித்து இழிவான ஒரு கருத்தும் அவர் கூறியுள்ளார். அதற்காக அறிஞர் அவரைக் கடிந்தது நியாயமே. அந்நூலை அவர் பின்னர் மறுபதிப்புச் செய்யவிடவில்லை. இல்வாழ்விலும் அவர்பாற் குறையுண்டு. 1933-ல் மனைவியாரைப் பிரிந்தார். அவ்வம்மையார் 1938-ல் மனநோய் விடுதியிற் சேர்க்கப்பட்டு 1947-ல் அங்கேயே இறந்தார். இரக்கமே இரண்டாம் உபதேசமென்று பாடிய புலவர் வாழ்வில் இஃதொரு வடுவாய் நின்றது. பெரியாரது சரித்திரம் எழுதுவோர் இவற்றை மறைத்தல் முறையன்று.

கீதையும் போர்க்காலமும்

கிறிஸ்தவ நெறியைத் தழுவியதால் எலியட் நம் நூல்களை மறந்தாரல்லர். 1929-ல் தாந்தே என்னும் இத்தாலியப் புலவரைப்பற்றி எழுதிய நூலில், தாம் அறிந்தவற்றுள் தாந்தேயின் பெருங்காவியத்துக்கு அடுத்த தத்துவக் காவியம் பகவத்கீதையே என்றார். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானிய விமானங்கள் லண்டன்மேற் குண்டுமழை பொழிந்த நாட்களில், அவர் தாம் பணியாற்றிய பதிப்பகத்தின் மேன்மாடத்தில் இரவு விழித்திருந்து தீக்காவல் புரிந்தார். அக்காலத்தில் எழுதி 1941-ல் வெளியிட்ட டிரை ஸால்வேஜஸ் என்னும் செய்யுளில் கண்ணபிரானையும் அருச்சுனனையும் பெயர் கூறியே நினைவுகூர்கின்றார். அமெரிக்கக் கடற்கரையில் மாஸாசூஸெட்ஸ் மாகாணத்துக்கு அருகிலுள்ள பாறைக்கூட்டத்தின் பெயர் அது. 1936-க்கும் 1942-க்கும் இடையில் வெளிவந்த நான்கு செய்யுட்களுள் மூன்றாவதாய், 1943-ல் அவை ஒரு நூலானபொழுது அதனுள் அடங்கிற்று.

இறக்கும்பொழுது ஒருவன் எதனை நினைக்கின்றானோ அதனையே அடைவான் என்பது கீதையின் எட்டாம் அத்தியாயத்துக் கருத்து. எலியட் இதனை எடுத்து, இறக்கும் காலம் என்பது ஏதோ ஒருநாள் வருவதன்று, ஒவ்வொரு கணமும் அதுவே என்று பொருள் விரிக்கின்றார். புகைவண்டியிலும் கப்பலிலும் செல்வோரை நோக்கி, பயனை எண்ணாது செல்லுமாறு உபதேசிக்கின்றார். குண்டு விழும் நகரத்தில் இருந்தார்க்கு இஃது ஏட்டுச்சுரைக்காயன்று. இந்துக் கடவுளின் பெயர் புகுந்தது அக்காவியத்தின் கிறிஸ்தவ ஒருமையைக் கெடுக்கும் என்று ஆங்கிலத் திறனாய்வாளர் சிலர் குறைகூறினர். எலியட் அதனை நீக்கிலர். 1943-ல் இந்தியாவுக்கென வெளியிடப்பட்ட மேரி ராணியின் தொகைநூலுக்கு, கொர்னேலியா ஸொராப்ஜி அம்மையார் கேட்டபடி, ஆப்பிரிக்கப் போர்க்களத்தில் இறந்த இந்தியப் போர்வீரரைக் குறித்து ஒரு செய்யுள் அளித்தார். செயலின் பயன் இறந்தபின்னரே தெரியும் என்னும் கருத்து அதனுள்ளும் வருகின்றது.

1946-ல் ஜெர்மானியர்க்கு ஆற்றிய வானொலிச் சொற்பொழிவிலும், தாம் முன்னாளில் இந்தியாவின் பழைய மொழிகளைக் கற்றதையும், தம் கவிதையில் இந்திய எண்ணமும் உணர்வும் படிந்துள்ளமையையும் தாமே உடன்பட்டு உரைத்தார். 1948-ல் நோபெல் பரிசு பெற்றார். 1957-ல் வலரீ பிளெச்சர் என்னும் பெண்மணியை மறுமணம் செய்து இறுதிக்காலத்தை அமைதியாகக் கழித்தார். 1965-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 4-ஆம் நாள் லண்டனில் உலகவாழ்வை நீத்தார். அவருடைய முன்னோர் வாழ்ந்த ஈஸ்ட் கோக்கர் என்னும் சிற்றூர் ஆலயத்தில் அவரது சாம்பல் அடக்கம் செய்யப்பட்டது.

நாம் கொள்ளத்தக்கது

எலியட்டின் செய்யுளில் உபநிடதமும் கீதையும் வந்திருத்தல் கண்டு, மேனாடு நம் சமயத்துக்குத் தலைவணங்கிற்று என்று மகிழ்வோர் நம்மிடை உளர். அவர் நம் சொற்களை அணியாகப் பூண்டாரேயன்றி வேறு செய்திலர் என்று இகழ்வோரும் உளர். இருதிறத்தாரும் அவர் சரித்திரத்தை முற்ற நோக்கினாரல்லர். வெறும் அணியாயின் நோயுற்று லோஸானில் இருந்தபொழுது அவர்க்கு அவ்வோரெழுத்து துணையாய் வந்திராது. இருபதாண்டு கழிந்தும் கீதை நினைவுக்கு வந்திராது. தலைவணங்கினார் என்னின், அவர் தம் வாயால் மறுத்ததனை நாம் மறைப்பதாய் முடியும்.

ஞானம் பெறுதற்குப் படி நான்கு என்று நம் சித்தாந்த நூல்கள் வகுக்கும்: கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை. எலியட் முறைப்படி கேட்டார், ஆழச் சிந்தித்தார். தமக்கு எஞ்சியது விளக்கமும் மயக்கமும் கலந்த நிலை என்று அவர் கூறியது, தெளிதல் என்னும் மூன்றாம் படி தமக்குக் கைவரவில்லை என்பதனையே குறிக்கும். அப்படி ஏறுதற்கு நூலும் மொழியும் மாத்திரம் போதா. அதற்கென ஒருவன் தன் பழைய நினைவையும் பற்றையும் விடுதல் வேண்டும் என்பதனை அவர் அறிந்தார். விட மனமில்லை என்பதனையும் ஒளியாது கூறினார். சர்வகலாசாலை கொடுக்கக்கூடியது முதலிரண்டு படியே என்பதற்கு அவர் வாழ்வு ஒரு சான்றாகும்.

பிற சமயத்தில் தோன்றிய ஒருவர் மூன்றாண்டு கேட்டுச் சிந்தித்த அளவிலே, அஃது அவருடைய சிறந்த செய்யுட்களுக்கு உயிராயிற்று. பிறப்பினாலேயே வாயிலின் உள்ளே நிற்கும் நாமோ, கேட்டலையும் சிந்தித்தலையும் செய்யாமலே தெளிந்துவிட்டதாக எண்ணிக்கொள்ளும் இடர்ப்பாடு உடையேம். மடங்களிலும் பாடசாலைகளிலும் சாத்திரம் ஓதுவோர், பாடம் ஒப்பிப்பதோடு அமையாது, ஓதிய பொருள் தமக்கு எந்தப் படியில் நிற்கின்றது என்று தம்மைத் தாமே வினாவுதல் நலம்.